உன் அம்மாவின் இரண்டரைக் கட்டை

கதிர்,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழுந்துவிடும், வேலையிடத்திலோ லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால்தான் கீழவாஞ்சூரில், லாரி எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் என் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் எழுதுகிறேன். தாளில் அங்கங்கே கரிவிரல் பதிந்திருந்தால் பொறுத்துக்கொள். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. நிலக்கரி ஏற்றிய வண்டிகள் தார்ப்பாயில் தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் நிற்கின்றன. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன. தூரத்தில் நிற்கிற கப்பல் தண்ணீரில் நிற்கிறதா ஆகாயத்தில் நிற்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. இந்த மாதிரி நாளில் எனக்குக் கை வேலை செய்யும், மனசு எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் மகனுக்கு எழுதுகிறான் என்றதும் பக்கம் பக்கமாகப் புத்திமதி வரப்போகிறது என்று பயந்திருப்பாய். பயப்படாதே. எனக்கு உன்னிடம் ஒரே ஒரு காரியம்தான் ஆக வேண்டும். அது நீ அம்மாவுக்கு அனுப்பிய கீபோர்டைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அதோடு சேர்த்து நீ வாட்ஸப்பில் பேசி அனுப்பிய ஒரு வார்த்தையைப் பற்றியது. "கல்யாணத்துக்குள்ள பழைய மாதிரி பாடிடணும்மா" என்றாய். ஆசையாகத்தான் சொன்னாய். அவளும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

போன வருஷம் புதுச்சேரியில் அவள் கழுத்துக் கட்டியை எடுத்தபோது நீயும் கூட இருந்தாய். உயிருக்கு ஒன்றுமில்லை என்றதும் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. குரல் நரம்பு அசந்திருக்கிறது, பேச்சு வந்துவிடும், ஆனால் மேலே எவ்வளவு எட்டும் என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். பேச்சும் வந்தது. நீ புனேவுக்குத் திரும்பிய பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, கீழே இறங்கி, ஓரத்தில் ஒரு கரகரப்போடு நின்றுவிட்டது. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் வினோதினியின் அம்மா போன் செய்தார்கள். உன் அம்மாதான் எடுத்து "சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் "சம்பந்தி ஐயாங்களா? அம்மா இல்லீங்களா பக்கத்துல?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் போன் அடித்தால் நான்தான் எடுக்க வேண்டும்.

நம் விழிதியூரில் புதுப்பெண் வந்து இறங்கும் வீட்டில் ஆலாத்தி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பாடுவது உன் அம்மாதான். பாட்டுக்குள் பெண்ணின் பேரை வைத்து, வந்த ஊரை வைத்து, அந்த வீட்டு மாட்டின் பேரைக்கூடச் செருகி, வாசலில் நிற்கிற கூட்டத்தையே சிரிக்க வைத்து உள்ளே அனுப்புவாள். ஊர் வீட்டு மருமகள்களை எல்லாம் பாடி அழைத்தவள் தன் வீட்டு மருமகளுக்கு என்ன செய்யப்போகிறாள் என்று தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. உன் அத்தை வந்து பேச்சைத் தொடங்கியபோது இவள் முகம் மாறாமல் சொன்னாள்: "போன்ல ஏதாவது பாட்டப் போட்டுக்கலாம் அண்ணி. இப்பதான் சின்ன டப்பா மாதிரி ஸ்பீக்கர்லாம் வருதுல்ல." அத்தை என்னைப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன்.

இந்த நிலைமையில்தான் உன் பெட்டி வந்தது. அடைமழை. கொண்டுவந்தவர் ஊருக்குள் வர மாட்டேன் என்று பேருந்து நிறுத்தத்துக் கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். உரச்சாக்கு இரண்டைப் போர்த்தி, வண்டியின் பின்னால் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கட்டிலா, அலமாரியா என்று கேட்டார்கள். வீட்டில் புதுச்சாமான் ஒன்றை எப்படிப் பிரிப்போம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்து, பிரித்து, எக்ஸ் மாதிரி விரிகிற அந்தத் தாங்கியைக் கூடத்தில் நிறுத்தி, மேலே கீபோர்டை வைத்தேன். வைத்ததும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். புது மொபெட்டுக்கு வைத்தோம், பம்புசெட்டுக்கு வைத்தோம், இதற்கு மட்டும் வைக்காமல் எப்படி? "கட்டைங்க மேல வக்காதீங்க, ஒட்டிக்கும்" என்று அவள் தடுத்தாள். அதனால் மேலே பொத்தான்கள் இருக்கிற வரிசையில் தாராளமாக வைத்தேன். நாலு மூலையிலும் குங்குமம். தாங்கியின் காலடியில் எலுமிச்சம்பழம்கூட வைக்கப் பார்த்தேன், உருண்டு ஓடிவிட்டது.

அப்புறம்தான் இணைப்பு வேலை. முதுகுப்பக்கம் பார்த்தால் வரிசையாக ஓட்டைகள். பெட்டிக்குள் வந்த ஒயர்களும் வரிசையாகக் கிடந்தன. வந்த சாமான் எல்லாம் எங்கேயாவது மாட்டத்தானே வந்திருக்கும் என்பது என் கணக்கு. கரண்டு ஒயரை அதன் இடத்தில் செருகினேன். நீ தனியாக வாங்கி வைத்திருந்த ஹெட்போன் ஒயர் மிச்சமிருந்தது, அதையும் ஒரு ஓட்டையில் செருகினேன், கச்சிதமாகப் பொருந்தியது. பொத்தானை அமுக்கினதும் சின்னத் திரையில் நீல வெளிச்சம் வந்தது. அதன் அழகைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். பிறகு நான் ஒரு கட்டையை அமுக்கினேன். சத்தமே இல்லை. அடுத்ததை அமுக்கினேன். ஒலியைக் கூட்டுகிற குமிழைக் கடைசி வரை திருகினேன். பத்து விரலையும் வைத்து அமுக்கினேன். டக் டக் என்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும்தான். "மழைத்தண்ணி இறங்கிட்டு போல. திருப்பி அனுப்பிடலாம்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, "புள்ள ஆசையா அனுப்பிருக்கான். இருக்கட்டும், காயட்டும்" என்றாள். மேலே பழைய சேலை ஒன்றைப் போர்த்தினாள். உனக்குப் போன் செய்யலாம் என்றால் அப்போது உனக்கு வேலை நேரம்.

ஒரு வாரம் போயிருக்கும். அன்றைக்குத் துறைமுகத்துக்குக் கப்பல் வரவில்லை, மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வயல் தண்ணீர் தெருவில் ஏறி நின்றதால் வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் அம்மா கீபோர்டுக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் அந்தக் கறுப்பு ஹெட்போன், அதற்கு மேலே முந்தானை. வலது கை கட்டைகளின் மேல் போய்ப் போய் வந்தது. இடது கை கீபோர்டின் முதுகுப்பக்கம் காற்றில் எதையோ முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது. அது என்ன என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஊர்ப் பஜனைக் கோஷ்டியில் ஆர்மோனியம் வாசித்தவள் அல்லவா? ஆர்மோனியத்தில் வலது கை வாசிக்கும், இடது கை துருத்தியைத் தள்ளிக் காற்றுக் கொடுக்கும். இதில் துருத்தி இல்லை என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு ஹெட்போனுக்குள் வாத்தியம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது அவள் குரல் மட்டும்தான். கூடவே எதுவும் இல்லாமல், மூடிக்கொள்ள ஒன்றும் இல்லாமல், அந்த அரையிருட்டுக் கூடத்தில் அவள் குரல் தனியாக நடந்துகொண்டிருந்தது. வார்த்தை கிடையாது, வெறும் இழுப்பு. கீழே இருக்கிற வரையில் நன்றாகத்தான் இருந்தது. மேலே போகப் போகத் திணறும். ஓரிடத்தில் உடைந்து காற்றாகிவிடும். அங்கே நிறுத்துவாள், மூச்சு விடுவாள், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அதே இடத்தில் மறுபடி உடையும். எனக்கு அழுகை வந்துவிட்டது, கதிர். உள்ளே போகவில்லை. தெருமுனைக்குத் திரும்பி நடந்து, வண்டியை எடுத்து, தண்ணீருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி வந்தேன். நான் உள்ளே நுழையும்போது கீபோர்டின் மேல் சேலை போர்த்தியிருந்தது. "வேலை செய்யுதா?" என்று கேட்டேன். "எங்கங்க? அப்படியேதான் கெடக்குது" என்றாள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

அப்புறம் பல நாள் நம் வீட்டில் இதே நாடகம்தான். நான் தெருமுனையில் ஹாரன் அடிப்பேன். அவள் சேலையைப் போர்த்துவாள். அந்த ஒயரைப் பிடுங்கினால் வெளியே சத்தம் வரும் என்று இதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. பிடுங்கவில்லை. யாருக்கும் கேட்காத ஓரிடம் அவளுக்கு வேண்டியிருந்தது, அது தெரியாமல் நானே செய்து கொடுத்ததாக அமைந்துவிட்டது. புருஷன் பெண்சாதி என்றால் எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் கொட்டிவிட வேண்டும் என்று உங்கள் காலத்தில் சொல்கிறீர்கள். கொட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சில நேரம் வாசலுக்கு வரும்போது ஹாரன் அடித்துக்கொண்டு வருவதும் நல்லதுதான். புத்திமதி சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சொல்கிறேன் பார்.

இப்படியே போயிருந்தால் தை மாதத்தில் ஸ்பீக்கர்தான் கதி. நடந்தது என்னவென்றால், நான் வைத்த சந்தனம் காய்ந்து, பொத்தான்களைச் சுற்றிப் பொருக்குத் தட்டிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவள் தலைக்குக் குளிக்கப் போயிருந்தபோது, ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு பொத்தானாகத் தேய்த்தேன். கீபோர்டு உயிரோடு இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. திரையில் என்னென்னவோ எண்கள் ஓடின. வெளிச்சம் அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நன்றாக அழுத்தித் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்க் கீரைப்பாத்தியில் மண் அணைக்க உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கூப்பாடு.

"என்னங்க! இஞ்ச வாங்க! என்ன பண்ணித் தொலைச்சீங்க இத?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஈரத்தலையில் துண்டோடு, ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ரகசியம் எல்லாம் மறந்துபோயிருந்தது. "சுருதியையே கெடுத்து வச்சிருக்கீங்க. நான் இஞ்ச அமுக்குறேன், அது எங்கேயோ பாதாளத்துல கேக்குது" என்றாள். "எனக்கென்ன தெரியும், இதுதான் வேலையே செய்யலன்னியே" என்றேன். கதிர், என் வாய் இருக்கிறதே. அவள் முறைத்த முறையில் கீரை வாடியிருக்கும். "அப்ப நீங்களே கேளுங்க" என்று ஒயரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கூடம் முழுக்கச் சத்தம் நிரம்பியது. நம் வீட்டுச் சுவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

உனக்கு இதெல்லாம் தெரியாது, நீ பாட்டுச் சொல்லித்தருகிறேன் என்றாலே கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்துப் பாடுகிறோமோ அதுதான் அவரவர் சுருதி. உன் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து ஐந்தரைக் கட்டை. அந்தக் கறுப்புக் கட்டையில் விரலை வைத்தால்தான் மற்ற விரல்களுக்கெல்லாம் வழி தெரியும். இப்போதும் அதில்தான் வைத்திருந்தாள். ஆனால் வாத்தியம் வேறெங்கோ இறங்கி ஒலித்தது. எவ்வளவு மோசமாகக் கெட்டிருக்கிறது என்று எனக்குக் காட்டுவதற்காக, கோபத்தோடு, அந்த ஒலியோடு குரலைச் சேர்த்து "பாருங்க, இப்படி" என்று ஒரு இழுப்பு இழுத்தாள்.

குரல் அங்கே போய் உட்கார்ந்தது. எந்தப் பிசிறும் இல்லை. அவளுக்கே அது விளங்கச் சற்று நேரமானது. வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். மெதுவாக மேலே ஏறினாள். வழக்கமாக உடையும் இடம் வந்தது, அவள் தோள் தானாகவே இறுகியது. ஆனால் விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, குரலும் கூடவே போனது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஈரத்தலையிலிருந்து தண்ணீர் ரவிக்கை முதுகில் இறங்கிக்கொண்டிருக்க, இடது கை இல்லாத துருத்தியைத் தள்ளிக்கொண்டிருக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நான் மண் ஒட்டிய கையோடு நிலைப்படியில் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூங்கி விழித்த மாதிரிதான் இருந்தது.

பிறகுதான் அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். சுருதியை அரை அரைக் கட்டையாக ஏற்றவும் இறக்கவும் அதில் ஒரு பொத்தான் இருக்கிறதாம். விரல் பழைய இடத்திலேயே இருக்கலாம், ஒலி மட்டும் நாம் சொன்ன இடத்துக்குப் போகும். நான் தேய்த்த தேய்ப்பில் அது இறங்கி நின்றிருக்கிறது. லாரியை மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் எடை காட்டும் பெட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது என் பிழைப்பு. அதனால் பழக்கதோஷத்தில், "ரெண்டு பொத்தானயும் சேத்து அமுக்குனா பழையபடி ஆயிடும், ஆக்கிடட்டா?" என்றேன். கை பாதி தூரம் போயும்விட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கட்டைகளைத் தடவிக் கணக்குப் பார்த்துவிட்டு, "ரெண்டரைக் கட்டைங்க இது. எங்க கோஷ்டில ஆம்பளைங்கதான் இதுல பாடுவாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. "யாரு பாடுனா என்ன, இப்ப நீ பாடுறே" என்றேன். எனக்கு வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. இப்போது யோசித்தாலும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு சேலையும் ஹாரனும் தேவைப்படவில்லை. மத்தியானங்களில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பாடுகிறாள். கரண்டு போனால் பென்சில் பேட்டரியில் ஓடுகிறது. நீல வெளிச்சம் மட்டும் இருக்கும், வெளியே வயலில் தவளைகள் கத்தும், நடுவில் இந்தக் குரல் போய்க்கொண்டிருக்கும். முதலில் அது எனக்கும் அந்நியமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சோற்றுக்கு உட்கார்ந்திருக்கும்போது உள்ளேயிருந்து கேட்டால் யாரோ விருந்தாளி வந்திருப்பதாக மனசு ஒரு நொடி ஏமாறும். இப்போது அப்படி இல்லை. அந்தக் குரலில் ஒரு நிதானம் இருக்கிறது. பழைய குரல் வாசலுக்கு ஓடிவரும், இது உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடும். எனக்கு இது பிடித்திருக்கிறது. அவளிடமும் சொல்லிவிட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு, "வயசான காலத்துல இதெல்லாம் ஒரு பேச்சா?" என்றாள்.

ஆலாத்திப் பாட்டையும் கட்டி முடித்துவிட்டாள். வினோதினியின் பேர் முதல் அடியிலேயே வருகிறது, மாட்டின் பேர் மூன்றாவதில். உன் அத்தை வந்து கேட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள். தெருப் பெண்களும் கேட்டாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். நேற்று சாயங்காலம் பூ கட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, "அன்னைக்குப் பாடவேணாம்னு தோணுதுங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஊரு என்ன சொன்னா எனக்கென்ன. புள்ள பழைய மாதிரி பாடணும்னு சொன்னான். அவன் மொகம் வாடிட்டா நான் பாதியில நிறுத்திடுவேன். வாசல்ல பொண்ணு நிக்கிறப்ப பாட்டு பாதியில நிக்கலாமா?" என்றாள். உன் முகத்துக்கு நான் எப்படி ஜாமீன் நிற்க முடியும்? அதனால்தான் இந்தக் கடிதம்.

அவளை இப்போது கூப்பிட்டு, எப்படிப் பாடினாலும் பரவாயில்லை என்று சொல்லாதே. பரவாயில்லை என்ற வார்த்தையே அவளுக்கு ஆகாது. பழைய குரலை நீ போனில் பதிந்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். அதை அழிக்கச் சொல்லவில்லை, அது உன்னுடையது. வினோதினிக்கு இதுவரை போட்டுக் காட்டவில்லை என்றால் இப்போதைக்குக் காட்ட வேண்டாம். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அன்றைக்கு நம் வீட்டு வாசலில்தான். வண்டியிலிருந்து நீங்கள் இறங்குவீர்கள். அத்தை தட்டோடு முன்னால் வருவாள். அம்மா நிலைப்படியில் நின்று முதல் அடியை எடுப்பாள். அப்போது அவள் தட்டையும் பார்க்க மாட்டாள், மருமகளையும் பார்க்க மாட்டாள். உன் முகத்தைத்தான் பார்ப்பாள். உனக்குக் கண் கலங்கினால் கலங்கட்டும். ஆனால் அந்தக் குரலுக்குள் வேறொரு குரலைத் தேடாதே, நீ தேடுவது அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்றால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார். வினோதினி உன் அம்மா பாடி இதுவரை கேட்டதே இல்லை. அவளுக்குப் பழையது என்று ஒன்று கிடையாது, இதுதான் அவள் மாமியாரின் குரல். அவள் கேட்கிற மாதிரி நீயும் முதன்முதலாகக் கேள்.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் அப்பா